ஸ்மித்துகள் எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா?

2014, 2015 ஐபிஎல் தொடர்களில் சென்னை அணியின் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய டுவைன் ஸ்மித்தைப் பலருக்கு நினைவிருக்கும். பார்படாஸ் தீவுக்காரர். அவருக்கு முன்பே தென்னாப்பிரிக்க அணியின் தலைவராகக் கிரீம் ஸ்மித்தைப் பார்த்திருக்கிறோம். ஆஸ்திரேலியாவுக்கு ஸ்டீவ் ஸ்மித். தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கோ பேரனுக்கோ இந்தக் கேள்வி வராமல் போகாது: "இவங்கெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா?"

கேள்வி எளியது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வரலாற்று ஆசிரியர்கள் பழைய வரிப் பட்டியல்களையும் தேவாலயப் பதிவேடுகளையும் பல தலைமுறைகளாகப் புரட்டிப் பார்த்தார்கள். ஏடுகள் ஒரு காலத்துக்கு முன்னால் நின்றுவிடுகின்றன. கடந்த கால் நூற்றாண்டாக இன்னொரு பதிவேடும் நம் கைக்கு வந்திருக்கிறது. அது ஒவ்வொரு ஆணின் உடலுக்குள்ளும் இருக்கிறது.

பெயர் எப்போது குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது?

தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் முருகேசனின் மகன் மு. செல்வம்; செல்வத்தின் மகன் செ. கார்த்திக். இரண்டே தலைமுறையில் முருகேசன் பெயரிலிருந்து மறைந்துவிடுகிறார். தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் பெயரை இங்கே 'குடும்பப் பெயர்' என்று அழைப்போம். நமக்கு அது இரவல் வழக்கம்.

இங்கிலாந்திலும் அது என்றென்றும் இருந்ததில்லை. 1066இல் நார்மானியர்கள் அந்த நாட்டைப் பிடித்த பிறகு, நிலவுடைமைக் குடும்பங்களில் முதலில் வேரூன்றியது. மெல்ல மெல்லக் கீழிறங்கி, 1400ஆம் ஆண்டு வாக்கில் பெரும்பாலான ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தது. பெயர்கள் நான்கு வழிகளில் பிறந்தன: தொழில், ஊர் அல்லது இடம், தந்தையின் பெயர், பட்டப் பெயர். ஜான் மகன் ஜான்சன் ஆனான். கொல்லர் ஸ்மித் ஆனார்.

கேள்வியின் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது. கொல்லர் இல்லாத ஊர் ஏது? லாடம் அடிக்கவும் ஏர்க்கொழு தட்டவும் ஊருக்கு ஒரு பட்டறை வேண்டும். ஆகவே ஸ்மித் என்ற பெயர் ஒரே வீட்டில் பிறந்திருக்க முடியாது. ஒன்றையொன்று அறியாத எத்தனையோ ஊர்களில் தனித்தனியாகப் பிறந்திருக்க வேண்டும். கரீபியன் தீவுகளின் கதை வேறு. அங்கே அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்களிடம் ஆங்கிலப் பெயர்கள் வந்தது பெரும்பாலும் தோட்ட முதலாளிகள் மூலமும் விடுதலைக்குப் பிறகான பதிவுகள் மூலமும்தான். பெயர் ஒரு வழியாகவும் இரத்தம் இன்னொரு வழியாகவும் வந்து சேர்ந்த இடம் அது.

ஆனால் எல்லாப் பெயரும் ஸ்மித் போலப் பொதுவானதல்ல. ஒரு பள்ளத்தாக்கில், ஒரு மலைச்சரிவில் மட்டும் கொத்தாகக் கிடக்கும் அரிய பெயர்கள் உண்டு. அவை ஒரே மனிதரிடம் தொடங்கியவையா? இதைச் சோதிக்க, பெயரைப் போலவே தந்தையிடமிருந்து பிள்ளைக்கு மாறாமல் போகும் ஏதாவது ஒன்று உடலில் வேண்டும்.

தந்தை மகனுக்கு மட்டும் கொடுப்பது

நம் செல்களில் 23 ஜோடி குரோமோசோம்கள் இருக்கின்றன. டிஎன்ஏ என்ற நீண்ட நூல் சுற்றிவைக்கப்பட்ட கண்டுகள் என்று அவற்றை எண்ணிக்கொள்ளலாம். ஜோடியில் ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது அப்படியே கொடுப்பதில்லை. சீட்டுக்கட்டைக் கலைப்பது போல ஜோடியைக் கலைத்துத்தான் கொடுக்கிறோம். அதனால்தான் தாத்தாவின் மூக்கும் பாட்டியின் நிறமும் ஒரே முகத்தில் வந்து அமர்கின்றன. சில தலைமுறை கடந்தால் எந்தத் துண்டு யாரிடமிருந்து வந்தது என்று பிரிப்பது கடினம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம். அதன் ஜோடி எக்ஸ். இரண்டும் உருவத்திலேயே வேறு. எனவே இரு முனைகளில் உள்ள சிறு பகுதிகளைத் தவிர, ஒய் கலைவதே இல்லை. அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு அப்படியே இறங்குகிறது. ஆங்கிலேயக் குடும்பப் பெயரும் இதே படிக்கட்டில்தான் இறங்குகிறது. மகளுக்குப் பெயர் கிடைக்கும். ஆனால் அவர் வழியாக அடுத்த தலைமுறைக்கு அது போவது அரிது. ஒய் மகளுக்குக் கிடைப்பதே இல்லை. அதனால் தன் பிறந்த வீட்டுப் பெயரைத் தேட விரும்பும் பெண், அப்பாவையோ உடன்பிறந்த சகோதரனையோ சோதனைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

எண்ணிப் பார்க்கும் முறை

ஒய் குரோமோசோமில் 6 கோடிக்கும் சற்று அதிகமான எழுத்துகள் உள்ளன. அதை முனை முதல் முனை வரை முழுமையாகப் படித்து முடித்தது 2023இல்தான். குடும்பப் பெயரைத் தேட அத்தனையும் வேண்டாம். சில குறிப்பிட்ட இடங்கள் போதும்.

அந்த இடங்களில் டிஎன்ஏ ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஜி-ஏ-டி-ஏ, ஜி-ஏ-டி-ஏ, ஜி-ஏ-டி-ஏ என்று. இவற்றை 'மீள்தொடர்' என்போம். ஒருவருக்கு ஓரிடத்தில் 14 முறை வரும். இன்னொருவருக்கு அதே இடத்தில் 15 முறை. கன்னத்தின் உட்புறத்தைச் சிறு தூரிகையால் தேய்த்து எடுத்த செல்களிலிருந்தே ஆய்வகம் இந்த எண்ணிக்கையைக் கண்டுபிடித்துவிடும்.

நான்கு இடங்களை எண்ணுகிறோம் என்று கொள்வோம். முதல் ஆளுக்கு 14, 24, 11, 13. இரண்டாம் ஆளுக்கும் 14, 24, 11, 13. மூன்றாமவருக்கு 15, 22, 10, 13. இப்படி வரிசையாக வரும் எண்களை 'எண்கோவை' என்று அழைக்கலாம். முதல் இருவரும் ஒரே தந்தைவழியாக இருக்க வாய்ப்பு உண்டு. மூன்றாமவர் வேறு வழி.

எண்கோவை முற்றிலும் மாறாததும் அல்ல. ஒரு பக்கத்தைக் கையால் நகலெடுக்கும்போது 'ராம ராம ராம' என்ற வரியில் ஒரு 'ராம'வைக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுவது எளிது. செல்லும் அப்படித்தான் தவறுகிறது. ஓர் இடத்தில், ஒரு தலைமுறையில், இது நடக்கும் வாய்ப்பு சராசரியாக 500இல் ஒன்று.

இந்தத் தவறுதான் நமக்குக் கடிகாரம். 700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் இரண்டு வழித்தோன்றல்களை எடுத்துக்கொள்வோம். தலைமுறைக்கு 30 ஆண்டு என்றால் ஏறத்தாழ 23 தலைமுறை. ஒருவரிடமிருந்து மூதாதை வரை 23 படி ஏறி, மறுபக்கம் 23 படி இறங்கினால் 46 படிகள். நான்கு இடங்களை மட்டும் எண்ணினால், 46ஐ நான்கால் பெருக்கி 500ஆல் வகுக்க, அரை மாற்றம்கூட வராது. அதாவது இருவரின் எண்கோவையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். 37 இடங்களை எண்ணினால் மூன்று நான்கு வேறுபாடுகளை எதிர்பார்க்கலாம். இடங்கள் கூடக்கூட நெருங்கிய பங்காளிகளையும் தூரத்துப் பங்காளிகளையும் பிரித்தறிய முடிகிறது.

48 சைக்ஸ்கள்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மரபியல் அறிஞர் பிரையன் சைக்ஸை ஒரு கேள்வி விடாமல் தொடர்ந்தது. அக்காலத்தில் கிளாக்ஸோ மருந்து நிறுவனத்தின் தலைவர் சர் ரிச்சர்டு சைக்ஸ். இருவருக்கும் ஒரே பெயர் என்பதால், "நீங்கள் உறவா?" என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். தெரிந்தவரை உறவு எதுவும் இல்லை. ஆனால் பிரையனிடம் ஆய்வகம் இருந்தது. ரிச்சர்டின் கன்னத்துச் செல்களை வாங்கிச் சோதித்தார். இருவரின் ஒய் எண்கோவையும் ஒன்றாக இருந்தது.

இரண்டு பேர் ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம். எனவே அவர் சைக்ஸ் பெயர் அடர்ந்திருக்கும் பகுதியின் பக்கம் திரும்பினார். சைக் என்பது யார்க்‌ஷயர் வட்டாரத்தில் சிற்றோடைக்கும் எல்லை வாய்க்காலுக்கும் வழங்கும் சொல். ஓடை இல்லாத ஊர் அங்கே அரிது. எனவே ஓடையோரம் குடியிருந்த பலருக்கும் தனித்தனியாக இந்தப் பெயர் வந்திருக்க வேண்டும் என்பதே ஏடுகளைப் படித்தவர்களின் கணிப்பு.

மேற்கு யார்க்‌ஷயர், லங்காஷயர், செஷயர் ஆகிய மூன்று பகுதிகளில் வாழும் சைக்ஸ்களைக் யாரென்று பாராமல் தேர்ந்து கடிதம் எழுதினார். யாரென்று பாராமல் என்பது முக்கியம். ஏற்கெனவே உறவு தெரிந்தவர்களைச் சேர்த்தால் விடையை முன்பே எழுதிவைத்தது போலாகிவிடும். கடைசியில் 48 பேரின் ஒய் குரோமோசோம்களில் நான்கு மீள்தொடர்கள் எண்ணப்பட்டன.

கணிப்பு சரியென்றால் 48 பேரிடம் பலவிதமான எண்கோவைகள் சிதறிக் கிடக்க வேண்டும். அப்படி இல்லை. 21 பேரிடம் ஒரே எண்கோவை. ஏறத்தாழ 44 விழுக்காடு.

இங்கே கவனமான வாசகர் கை தூக்குவார்: "அந்த எண்கோவை அந்த வட்டாரத்திலேயே எல்லோரிடமும் இருப்பதாக இருந்தால்?" சரியான ஐயம். நான்கே இடங்களை எண்ணும்போது உறவில்லாதவர்களும் ஒத்துப்போகக்கூடும். அதற்காகத்தான் ஒப்பீட்டுக் குழு. அதே வட்டாரத்தில் வாழும், வேறு பெயர் கொண்ட ஆண்களின் எண்கோவைகளையும், பிரிட்டன் முழுவதிலுமிருந்து திரட்டியவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சைக்ஸ்களின் அந்த எண்கோவை அவற்றில் ஒன்றில்கூட இல்லை. எதிர்வீட்டுக்காரரிடம் இல்லாதது, பல மைல் தள்ளியிருக்கும் சைக்ஸிடம் இருக்கிறது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

2000ஆம் ஆண்டு, சக ஆய்வாளர் கேத்தரின் இர்வனோடு சேர்ந்து இந்த முடிவை அவர் வெளியிட்டார். இன்றுள்ள சைக்ஸ்களுக்கு ஒரே தொடக்க மனிதர் இருந்திருக்க வேண்டும் என்பது கட்டுரையின் முடிவு. மீதமிருந்த 27 பேரின் எண்கோவைகள் பலவிதமாக இருந்தன. அந்த வட்டாரத்துப் பொதுமக்களிடம் காண்பதைப் போலவே.

ஒரே விதையா, ஒரே மிச்சமா?

இந்த முடிவை அப்படியே ஏற்பதற்கு முன் ஒரு கணம் நிற்க வேண்டும். 1300ஆம் ஆண்டில் பத்து ஓடைகளின் கரையில் பத்து சைக்ஸ்கள் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பெண் மக்கள் மட்டும். அவர் இரத்தம் தொடர்கிறது; பெயரும் ஒய்யும் அவரோடு முடிகின்றன. இன்னொருவருக்குப் பிள்ளைகளே இல்லை. மூன்றாமவரின் மகன்கள் சிறு வயதிலேயே இறந்துபோகிறார்கள். 1348இல் இங்கிலாந்தில் நுழைந்த கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொண்டுபோனது. அதில் சில வீடுகள் முழுதாக அடைபட்டன. நான்காமவருக்கோ ஐந்து மகன்கள், ஐவருக்கும் மகன்கள். சில நூற்றாண்டுகளில் நான்காமவரின் ஒய் மட்டும் ஓங்கி நிற்கும்.

இந்தக் கணக்கு டிஎன்ஏவைவிட மூத்தது. பேர் பெற்ற குடும்பங்களின் பெயர்கள் ஏன் ஒவ்வொன்றாக அழிகின்றன என்று ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1873இல் கேள்வி எழுப்பினார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் கணிதத்தால் விடை தேடினார். எந்தக் குறையும் இல்லாத குடும்பங்கள்கூட, வெறும் பிள்ளைப்பேற்றின் ஏற்ற இறக்கத்தாலேயே பெயரற்றுப் போகலாம் என்பது அதிலிருந்து தெளிவானது.

ஆகவே ஒய் குரோமோசோம் நமக்குக் காட்டுவது யார் மிஞ்சினார்கள் என்பதை. யார் தொடங்கினார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி மட்டுமே. ஏடுகளும் ஊர் வரலாறும் மற்ற சாட்சிகள். அவற்றையும் சேர்த்து விசாரித்தால்தான் தீர்ப்பு நிற்கும்.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் இந்த விசாரணையை விரிவாக்கினார்கள். 2009இல் வந்த அவர்களது ஆய்வில் 40 குடும்பப் பெயர்கள், 1,678 ஆண்கள். பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவு ஒற்றுமை என்ற ஒழுங்கு அதில் தெரிந்தது. ஆட்டன்பரோ என்ற அரிய பெயர்க்காரர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் ஒரே தந்தைவழி. ஸ்மித்துகளோ, தெருவில் எதிர்ப்பட்ட யாரோ சிலரைக் கூட்டிவந்து நிறுத்தியது போலத்தான் இருந்தார்கள். நம் முதல் கேள்விக்கு மீதிப் பதில் இதுதான்: ஸ்மித் என்ற பெயரை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது.

அவர்களே கண்ட இன்னொரு செய்தி நெஞ்சைத் தொடுவது. யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஓர் அரிய பெயர் கொண்ட வெள்ளையர்கள் சிலரிடம், மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒய் கிளை இருந்தது. அவர்களின் வம்சாவளி ஏடுகள் 1780கள் வரை போய் நின்றன; ஆப்பிரிக்க மூதாதை பற்றி ஒரு வரி இல்லை. குடும்பம் முற்றிலும் மறந்துவிட்ட ஒரு மனிதரை அந்த ஒற்றைக் குரோமோசோம் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்திருக்கிறது.

மன்னர் வீட்டிலும் அறுந்த இழை

ஒரே தந்தைவழிப் பெயருக்குள் எண்கோவை மாறும் இடங்களை 'இழை அறுதல்' என்போம். அதற்குத் தாய் மணத்துக்கு வெளியே பிள்ளை பெற்றது மட்டும் காரணமல்ல. அநாதைப் பிள்ளையை எடுத்து வளர்த்திருக்கலாம். கைம்பெண்ணின் மகன் புதுத் தந்தையின் பெயரை ஏற்றிருக்கலாம். மணமாகாத தாய் தன் பெயரைப் பிள்ளைக்குத் தந்திருக்கலாம். சொத்து சேர வேண்டும் என்று மாப்பிள்ளை மாமனாரின் பெயரைச் சூடியிருக்கலாம்.

சிறு கசிவும் காலத்தால் பெரிதாகும். ஒரு தலைமுறையில் நூற்றுக்கு இரண்டு இழை மட்டும் அறுகிறது என்று கொள்வோம். பத்துத் தலைமுறையில் நூற்றில் 82 மிஞ்சும். 23 தலைமுறையில் 63. ஒவ்வொரு தலைமுறையிலும் 98 வீடுகளில் எல்லாம் ஒழுங்காக இருந்தும் இதுதான் நிலை. கிங்கும் ஜாப்ளிங்கும் பிரிட்டனில் மதிப்பிட்ட அளவு தலைமுறைக்கு 1 முதல் 4.5 விழுக்காடு வரை.

அரண்மனைக்கும் இது பொது. 1485இல் போர்க்களத்தில் மாண்ட இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் 2012இல் லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தன. தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ, அவருடைய சகோதரியின் பெண்வழியில் வந்த, இன்று வாழும் உறவினர்களோடு பொருந்தியது. அவர்களில் ஒருவர் மரச்சாமான் செய்யும் தச்சர். ஆனால் தந்தைவழி உறவினர்கள் என்று ஏடுகள் சொல்லும் ஐந்து ஆண்களின் ஒய், மன்னரின் ஒய்யோடு பொருந்தவில்லை. அந்த ஐவரிலும் ஒருவர் மற்ற நால்வரோடு பொருந்தவில்லை. நாட்டிலேயே மிகக் கவனமாக எழுதிவைக்கப்பட்ட குடும்ப மரத்தில் குறைந்தது இரண்டு இடங்களில் இழை அறுந்திருக்கிறது.

எனவே சோதனைக் குப்பியை வாங்குவதற்கு முன், வீட்டில் பெரியவர்களிடம் பேசிவிடுவது நல்லது. முடிவு ஒருவருக்கு மட்டும் வருவதில்லை. அண்ணன் தம்பி, சித்தப்பா பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்தே வருகிறது.

இனிஷியல் ஊரிலிருந்து பார்த்தால்

1860இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பலில் போன ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்களிடம் இன்று நாயுடு, பிள்ளை, கவுண்டர், முதலியார் என்ற பட்டங்கள் அந்நாட்டு எழுத்துக்கூட்டலில் நாயடூ, பிள்ளே, கோவெண்டர், மூட்லி என்று குடும்பப் பெயராக உறைந்திருக்கின்றன. இவை ஸ்மித் வகை. பல மாவட்டங்களிலிருந்து போன பலரும் தத்தம் பட்டத்தோடு போனார்கள். டர்பனில் இரண்டு பிள்ளேகளின் ஒய் பொருந்தாவிட்டால் அதில் வியப்பில்லை. அவர்களுக்கு உதவுவது, பெயரோடு தந்தை பெயரையும் ஊரையும் எழுதிவைத்த அந்தப் பழைய கப்பல் பட்டியல்கள். ஊர் தெரிந்து, அந்த ஊரிலுள்ள பங்காளிகள் சம்மதித்தால், அப்போது ஒய் சோதனை பேசும்.

ஒய் எவ்வளவு குறுகிய சாளரம் என்பதையும் மறக்கலாகாது. பத்துத் தலைமுறைக்கு முன் நமக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஒய் அவற்றில் ஒன்றை மட்டும் காட்டுகிறது. அம்மாவின் அப்பாவைக்கூட அது அறியாது. யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அது வெறும் எண்ணிக்கை.

அந்த 27 பேர்

சைக்ஸ் ஆய்வைப் படிப்பவர்கள் 21 பேரிடம் நின்றுவிடுகிறார்கள். மற்ற 27 பேரையும் நான் நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் ஒவ்வொருவர் பின்னாலும், என்றோ ஓர் ஓடையோரத்து வீட்டில், ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. சிலருக்குத் தனி மூதாதை சைக்ஸ் இருந்திருக்கலாம். சிலருக்கு ஒரு கைம்பெண்ணின் இரண்டாம் கல்யாணம். சிலருக்கு, கொள்ளைநோயில் பெற்றவர்களை இழந்து நின்ற பிள்ளையை உள்ளே அழைத்துக் கஞ்சி ஊற்றிய ஒரு வீடு. ஏட்டில் அது பதிவாகவில்லை. எண்கோவையில் ஒரு பொருந்தாமையாக மட்டும் தெரிகிறது.

ஒய் பிறப்பால் இறங்குகிறது. அதில் யாருக்கும் தேர்வு இல்லை. பெயரை ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 27 பேருக்கும் யாரோ ஒருவர் அதைக் கொடுத்திருக்கிறார், அவர்களும் அதைத் தம் மகன்களுக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆகவே சோதனை முடிந்து தாள் கைக்கு வந்த பிறகும், 48 பேரும் சைக்ஸ்தான்.